இளைப்பு நோயும் ‘பழக்கம்’ என்னும் சொல்லும்

ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தட்டிக்கழிக்கும்போது பெரிதும் சொல்லப்படும் காரணம், அது ‘பழக்கமாகிவிடும்’ என்பதாகும். இச்சொல் விட முடியாத அடிமைத்தனத்தையும் குறிக்கும். நாள்தோறும் பல் துலக்குவது போன்ற ஒழுங்கையும் குறிக்கும். பொதுப்பேச்சு முதற்பொருளை மருந்தின்மீதும், இரண்டாம் பொருளை உணவு, மூச்சுப்பயிற்சி, வீட்டுத் தூய்மை ஆகியவற்றின்மீதும் ஏற்றி, இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட்டது. இந்நோயைக் கட்டுக்குள் வைக்கும் அன்றாடப் பழக்கங்களில் தலையாயது தடுப்பு மருந்தை உறிஞ்சுவதே என்பதும், ஏனைய பழக்கங்கள் அதற்குத் துணையாக, அவையும் தம்முள் ஒத்த மதிப்பின்றி, அமைபவை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நீடித்து நிலவும் அழற்சியே, அதாவது புண்பட்டதுபோல் வீங்கிச் சினந்திருக்கும் நிலையே, ஆஸ்துமா. புகையோ தூசோ சளிக்காய்ச்சலோ தூண்டும்போது குழாயைச் சுற்றிய தசை இறுகி, சளி அடைத்து, இழுப்பாக வெளிப்படுகிறது. 1969-இல் புழக்கத்துக்கு வந்த சால்பியூட்டமால் அத்தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துமேயன்றி அழற்சியைத் தொடுவதில்லை. 1972-இல் வந்த பெக்லோமெத்தசோனும் அதன் வழிவந்த உறிஞ்சும் ஸ்டீராய்டுகளும் அழற்சியைத் தணிப்பவை; தடுப்பு மருந்து என்பது இவற்றையே. ஆனால் அவற்றின் முழுப்பயன் தெரிய வாரக்கணக்காகும். உடனே சுகம் தருவதை மருந்தென்றும், மெல்ல வேலை செய்வதை வீணென்றும் எண்ணுவது மனித இயல்பு. விளைவாக, எதைக் கண்டு அஞ்ச வேண்டுமோ அதுவே பழக்கமாகிறது: ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சால்பியூட்டமால் குப்பிகளைத் தீர்ப்பவருக்குக் கடும் இழுப்பு வரும் வாய்ப்பு உயர்கிறது. இம்மருந்தை மட்டும் தனியே தரும் முறையை, உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வகுக்கும் ‘ஜினா’ அமைப்பு 2019-இல் கைவிட்டது. அதே ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரே இந்தியாவில் இருக்க, ஆஸ்துமா மரணங்களில் 42 விழுக்காடு இங்கே நிகழ்கிறது. தடுப்பு மருந்தை முறையாக எடுக்காமை இவ்விடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணமென மருத்துவர்கள் கருதுகின்றனர்.

ஸ்டீராய்டு என்ற பெயரே அச்சமூட்டுகிறது என்பது உண்மைதான். எனினும் உறிஞ்சும் மருந்து மைக்ரோகிராமில், பெரும்பாலும் ஒரு வேளைக்குச் சில நூறு என்ற அளவில், நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்கிறது. தடுப்பை விட்டதால் கடும் இழுப்பு வந்து ஸ்டீராய்டு மாத்திரை விழுங்க நேர்ந்தால், பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் எடுக்க வேண்டியிருக்கும். இரு மருந்துகளின் வீரியம் வேறாகையால் இதை நேர்க்கணக்காகக் கொள்ளலாகாது. ஆயினும் சிறு அளவை அஞ்சி விடுபவர் பெரு அளவை நோக்கி நடக்கிறார் என்பது தெளிவு.

வீட்டுச் சூழலைப் பொறுத்தவரை, அறிவுரைகள் பெரும்பாலும் தூசியையே சுற்றி வருகின்றன. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியின் கழிவே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழும் அப்பூச்சிக்குச் சென்னை போன்ற கடலோர நகரங்கள் உகந்தவை. 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீரில் விரிப்புகளைத் துவைத்தால் அது மடியும். ஆனால் மெத்தை உறை, பூச்சிக்கொல்லித் தூள் முதலிய தடுப்புகளை ஆராய்ந்த 54 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மீளாய்வு (2008), அவற்றால் நோயில் குறிப்பிடத்தக்க நன்மை இல்லையென்றே முடிவு கண்டது. இதனினும் கவனத்துக்குரியது புகை. மூடிய அறையில் எரியும் கொசுவர்த்திச் சுருள் ஒன்று வெளியிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு நிகரானவை என 2003-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. விலையுயர்ந்த மெத்தை உறை வாங்கும் வீடு, அதே கட்டிலின் கீழே சுருளைக் கொளுத்திவைப்பதில் முரண்பாடு காண்பதில்லை. கொசுவலை இருக்கையில் சுருளுக்குத் தேவையே இல்லை. சாம்பிராணி, விறகடுப்பு, போகித் தீ ஆகியவற்றின் புகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பத்தியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: ஒவ்வாமை உறுதிப்பட்ட உணவைத் தவிர, ‘குளிர்ச்சி’ என்று கருதி வாழைப்பழத்தையும் தயிரையும் விலக்குவதற்கு ஆதாரமில்லை. மூச்சுப்பயிற்சி வாழ்க்கைத் தரத்தை உயர்த்துகிறது, நுரையீரலின் திறனை அளவிடத்தக்க வகையில் மாற்றுவதில்லை. உடற்பருமன் உடையோர் எடை குறைத்தால் நோய் கட்டுப்படுவது எளிதாகிறது. இவற்றுள் எதுவும் தடுப்பு மருந்தை நிறுத்தும் உரிமையைத் தருவதில்லை.

இறுதியாக எஞ்சுவது, பழக்கத்தை உண்டாக்கும் வழி. ஸ்டீராய்டை உறிஞ்சியபின் வாயில் பூஞ்சை படராதிருக்க வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டியிருப்பதால், இன்ஹேலரைப் பல்துலக்கியின் அருகே வைப்பதே இயல்பான ஏற்பாடு. ‘காலை 1, இரவு 1’ என்று மருந்துச்சீட்டில் எழுதும் மருத்துவர், ‘பல் துலக்குமுன்’ என்ற இரு சொற்களையும் அதனருகே சேர்த்து எழுதட்டும்.