ஆவாரையும் சீமைக் கருவேலமும்: மதுரைச் சமவெளியின் இரு புதர்கள்

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில், யானைமலை அடிவாரம் தொட்டு அரிட்டாபட்டிக் குன்றுகள் வரை, இரண்டு செடிகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று ஆவாரை, மற்றது சீமைக் கருவேலம். இரண்டும் அவரைக் குடும்பத்தவை, வறட்சி தாங்குபவை, வெட்டினால் அடியிலிருந்து துளிர்ப்பவை. ஆவாரை இந்த மண்ணின் புதர்க்காட்டுக்கே உரியது. அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த சீமைக் கருவேலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்து, விறகுக்காகப் பரப்பப்பட்டது.

ஒரு செடிக்கூட்டம் தழைக்கிறதா தேய்கிறதா என்பதைப் பூவின் செழிப்பு சொல்லாது. நாற்று, இளஞ்செடி, காய்க்கும் செடி என மூன்றாகப் பிரித்து எண்ண வேண்டும். நாற்று மிகுந்தும் முதிர்ந்தவை குறைந்தும் இருந்தால் தலைமுறை தொடர்கிறது. முதிர்ந்தவை மட்டுமே நின்றால், அது பூத்துக் குலுங்கினாலும் அழிவை நோக்கித்தான் போகிறது. இவ்விரு செடிகளிலும் தண்டின் பருமனை வைத்து வயதைச் சொல்வது தவறு. கரிமூட்டத்துக்காக வெட்டப்பட்ட சீமைக் கருவேலத்தின் மெல்லிய தண்டுகளுக்குக் கீழே பல ஆண்டு வயதுள்ள அடிக்கட்டை இருக்கும். ஆவாரையும் தூரிலிருந்தே பல கிளையாகப் பிரிவது. எனவே இரண்டையும் தூரில்தான் அளக்க வேண்டும்.

விதை போகும் வழியில்தான் இரண்டும் பிரிகின்றன. ஆவாரையின் தட்டையான காய் காய்ந்தபின், விதைகள் பெரும்பாலும் தாய்ச்செடியின் காலடியிலேயே விழுகின்றன. ஓடும் மழைநீர் சிலவற்றைச் சற்றுத் தள்ளிச் சேர்க்கும். அதனால் சரளை மண்ணிலும் பாதையோரத்திலும் ஆவாரை திட்டுத்திட்டாக நிற்கிறது. திட்டுகளுக்கு நடுவே பிற செடிகளுக்கும் புல்லுக்கும் இடம் கிடைக்கிறது. சீமைக் கருவேலத்தின் இலையை ஆடுமாடு விரும்புவதில்லை, இனிப்பான காயையோ தேடித் தின்கின்றன. கெட்டித்தோல் விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியேறி முளைக்கிறது. கண்மாய் உள்வாய், வாய்க்கால் கரை, கிடை போட்ட நிலம் என ஆடுமாடு போன தடமெல்லாம் அது போகிறது. அதுவும் முதலில் திட்டாகவே தொடங்கும்; பிறகு திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இடைவெளியில்லாத முட்காடாகிவிடும். அந்த அடர்நிழலில் ஆவாரை நாற்று தலையெடுப்பது அரிது.

மனிதர் கையும் இரண்டின் மேலும் ஒரே விதமாக விழவில்லை. தோல் பதனிட ஆவாரையின் பட்டையை உரித்தார்கள்; இன்று தேநீர்ப்பொடிக்காகப் பூவை மூட்டை மூட்டையாகப் பறிக்கிறார்கள். பொங்கல் காப்புக்கட்டுக்கு ஒடிக்கும் ஒரு கொத்தால் செடிக்குக் குறைவில்லை. ஆனால் பூ முழுவதும் போனால் காயில்லை, காயில்லையேல் நாற்றில்லை. சீமைக் கருவேலத்தை வெட்டினாலோ அது பல தண்டாகத் திரும்பி வருகிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையடுத்துத் தென்மாவட்டங்களில் பொக்லைன்கள் இறங்கி அதை அகற்றின. வேர்ப்பகுதி தங்கிய இடங்களில் அது துளிர்த்தது. மண்ணில் கிடந்த விதைகள் மழையில் முளைத்தன.

ஆவாரைக்கு நாற்றைக் காப்பதும் சீமைக் கருவேலத்துக்கு நாற்றைப் பிடுங்குவதும்தான் வேலை. பெரிய மரங்களை வீழ்த்திய கணக்கை வைத்து ஒரு கண்மாய் மீண்டுவிட்டது என்று சொல்லக் கூடாது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் நிலம் 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய குன்றடிவாரங்களில்தான் நம் புதர்க்காட்டின் விதைச்செல்வம் மிஞ்சியிருக்கிறது. சீமைக் கருவேலம் அகற்றிய இடத்தில் ஐப்பசி மழைக்குப் பின் முளைக்கும் நாற்றுகளை ஊரார் ஆண்டுதோறும் வேரோடு பிடுங்க வேண்டும். காய் உதிரும் காலத்தில் ஆடுமாடுகளை அங்கே விடாமல், ஆவாரை விதையைத் தூவ வேண்டும். இதற்குப் பொக்லைன் தேவையில்லை, சில ஆண்டுகள் விடாத கவனம் போதும்.