முற்றத்தில் பிறந்த கல்வி

ஒரு சமுதாயம் தன் கல்வி வளர்ச்சியைக் கணக்கிடும்போது, பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது இயல்பு. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கமும் அவ்வாறே எண்ணி மகிழ்கின்றது. அம்மகிழ்ச்சி நமக்கு உரியதே. ஆயினும் பட்டம் என்பது கனி. அதன் வேர் எங்கே ஊன்றப்படுகின்றது என்பதை நம் இளைஞர்கள் சிந்தித்தல் வேண்டும். முதல் வகுப்பில் சேருவதற்கு முந்திய மூன்று நான்கு ஆண்டுகளில், குழந்தை விளையாடித் திரியும் வீட்டு முற்றத்திலேயே அவ்வேர் ஊன்றப்படுகின்றது. அம்முற்றத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் வெம்பக்கோட்டையிலிருந்தே தொடங்குவோம். வைப்பாற்றின் கரையில், விஜயகரிசல்குளம் மேட்டில், 2022 மார்ச்சுத் திங்களில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கிற்று. சங்கு வளையல்களோடும் மணிகளோடும் அங்கே வெளிப்பட்டவற்றுள் சுடுமண் பொம்மைகளும், ஆட்டக்காய்களும், பாண்டி ஆடுவதற்குரிய வட்டச்சில்லுகளும் உண்டு. உடைந்த ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கி விளையாடிய கைகள் மண்ணாகிப் போயின. சில்லுகள் எஞ்சி நிற்கின்றன. விளையாட்டு இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் இலக்கியமும் இதனை உணர்ந்திருந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என விளையாட்டின் பெயராலேயே அமைந்துள்ளன. தெய்வங்களையும் மன்னரையும் குழந்தையாக்கிப் பாடிய நூல்கள் அவை. ஏழையின் குழந்தைக்குப் பனங்காய் வண்டியே சிறுதேர். தகர டப்பாவே சிறுபறை. புளியங்கொட்டைகளைக் குழிக்கு ஒன்றாக இட்டுவரும் பிள்ளை எண்ணைக் கற்கின்றது. கூட்டாஞ்சோறு ஆக்கும் பிள்ளை அளக்கவும் பங்கிடவும் கற்கின்றது. கீரை ஆயும் தாயின் அருகிலிருந்து, இது தண்டு, இது இலை, இது பழுப்பு என்று கேட்டறியும் பிள்ளை, வகைப்படுத்தும் அறிவையும் சொல்வளத்தையும் ஒருங்கே பெறுகின்றது. இவை யாவும் கல்வியே.

இக்கல்வி நம் குழந்தைகளிடமிருந்து எவ்வாறு பறிபோயிற்று? வானம் பார்த்த கரிசல் பூமியில், 1923 ஆம் ஆண்டில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றிற்று. பட்டாசுத் தொழிலும் பின்னர் வளர்ந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் இத்தொழில்களே கஞ்சி வார்த்தன என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் புளியங்கொட்டை எண்ண வேண்டிய விரல்கள் தீக்குச்சி அடுக்கின. மணல் வீடு கட்ட வேண்டிய கைகள் பெட்டி ஒட்டின. விடியுமுன்னே பேருந்துகள் ஊர்தோறும் வந்து சிறாரை ஏற்றிச் சென்ற கொடுமையை, 1976 இல் ஹர்பன்ஸ் சிங் அளித்த அறிக்கை நாட்டுக்கு உணர்த்திற்று. 1986 இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறாரைப் பற்றிய வழக்கிலேயே, 1996 டிசம்பர் 10 அன்று, சட்டத்தை மீறிப் பணியில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. கைகள் மீண்டன, பறிபோன ஆட்டக்காலம் மீளவில்லை.

விளையாட்டு வழிக் கல்வி வசதி படைத்தோருக்கே உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஜெர்மனியில் 1837 இல் பிரோபெல் தொடங்கி வைத்த கிண்டர்கார்டன் முறை, நம் மாநிலத்தில் ஒடுக்கப்பட்டோரின் பள்ளிகளிலேயே கையாளப்பட்டதுண்டு. கர்னல் ஆல்காட் 1894 இல் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதனைத் தொடர்ந்து எழுந்த பள்ளிகளின் கண்காணிப்பாளராயிருந்த கோர்ட்ரைட் அம்மையார், அம்முறையைத் தழுவிக் கற்பித்த விதத்தை 1906 இல் நூலாகவே எழுதி வெளியிட்டார். ஏட்டைத் தொடவும் நம்மவருக்குத் தடையிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்க.

அடுத்து 1945 ஆம் ஆண்டு. அவ்வாண்டில் பம்பாய் மாகாணத்தில் இரு விதைகள் ஊன்றப்பட்டன. அண்ணல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் வழியே கல்லூரிகள் எழுந்தன. அதே ஆண்டில், போர்டி என்னும் கடலோரச் சிற்றூரில், தாராபாய் மோடக் அம்மையார் பாலவாடி தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். தீண்டாமைக்கு ஆளான மக்களின் குழந்தைகள் பள்ளி வாயிலுக்கு வரத் தயங்கியபோது, பள்ளியையே அவர்களுடைய குடியிருப்பின் முற்றத்துக்கு அவர் கொண்டு சென்றார். முற்றத்திற்கு அங்கு வழங்கும் பெயர் ‘ஆங்கன்’. அதிலிருந்து பிறந்ததே ‘அங்கன்வாடி’ என்னும் சொல். இன்று நாடெங்கும் வழங்கும் அப்பெயர் நம்மைப் போன்றோரின் முற்றத்தில் பிறந்தது என்பதை நம் இளைஞர்கள் பெருமையோடு அறிந்திருத்தல் வேண்டும்.

மீனா சுவாமிநாதன் அம்மையார் தலைமையிலான ஆய்வுக்குழு 1972 இல் அளித்த அறிக்கை, பள்ளி செல்லுமுன் குழந்தை பெறவேண்டிய வளர்ச்சியை வலியுறுத்திற்று. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 முதல், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், கிராமப்புறத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் உணவளித்தது. வயிறு நிறைந்தது, அது பெரும்பேறு. எனினும், அங்கன்வாடி என்றால் சோறு போடும் இடம் என்று மட்டுமே நம்மில் பலர் கருதிவிட்டோம். அங்கே கதையும் பாட்டும் ஆட்டமும் நாள்தோறும் நடைபெறுகின்றனவா என்று கேட்க மறந்தோம்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. 2002 இல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கோ, அரசு முயல வேண்டும் என்னும் நெறிமுறையே கிடைத்தது. உரிமை தொடங்குமுன்னே வேர் ஊன்றும் காலம் கழிந்துவிடுகின்றது. பணம் உள்ளவர் அவ்விடைவெளியைப் பணத்தால் நிரப்புகின்றனர். காலையில் பட்டாசு ஆலைக்குச் சென்று மாலையில் களைத்துத் திரும்பும் தாய் எதனால் நிரப்புவாள்?

சங்கமும் இளைஞரும் துணை நின்றால் நிரப்ப இயலும். தாய் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் அங்கன்வாடிக் கதவு திறந்திருக்கின்றதா என்று பாருங்கள், இல்லையேல் முறையிடுங்கள். வாரத்தில் ஒரு மாலை அங்கன்வாடிப் பிள்ளைகளைக் கூட்டிக் கதை சொல்லுங்கள். பல்லாங்குழியும் பனையோலைக் காற்றாடியும் செய்து கொடுங்கள். சிறு கொட்டைகளைப் பிள்ளைகள் வாயில் இட்டுக் கொள்ளாதவாறு அருகிலிருந்து காத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் எழுதுகோலைத் திணித்து அச்சுறுத்தாதீர்கள். தாய்மார்களே, சமைக்கும்போதும் துவைக்கும்போதும் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருங்கள். அதன் கேள்விக்கு விடை கூறுங்கள். எழுத்தறியாத தாயும் இக்கல்வியை அளிக்க வல்லவள்.

நம் முன்னோருக்குப் பள்ளி வாயில் அடைக்கப்பட்டிருந்தது. அதனை நாம் திறந்தோம். இனி நம் முற்றத்தைப் பள்ளியாக்குவோம். இச்சங்கத்தின் பொன்விழா மலரை, இன்று அம்முற்றத்தில் மண் அளைந்து விளையாடும் குழந்தைகளே எழுதுவார்களாக!