மானியக் கோரிக்கையும் நம் மக்களின் கல்வியும்

நம் கல்விச் சங்கம் கால் நூற்றாண்டுப் பணியை நிறைவுசெய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. பள்ளியும் மருத்துவமனையும் தொழிலாளர் நலப் பணிகளும் அரசுப் பணத்தால் நடைபெறுகின்றன. அப்பணம் ஆண்டுதோறும் எவ்வாறு ஒதுக்கப்படுகிறது, அதனை ஒதுக்கும் அவைக்குள் நம் முன்னோர் எவ்வாறு நுழைந்தனர் என்பதே அவ்வரலாறு.

ஆங்கிலேயர் ஆட்சியில் நெடுங்காலம் வரவு செலவுக் கணக்கு அதிகாரிகளின் மேசையோடு நின்றது. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பற்றிப் பேசும் உரிமையை மன்ற உறுப்பினர்க்கு அளித்தது. வாக்களிக்கும் உரிமையை அளிக்கவில்லை. 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தீர்மானம் கொண்டுவர இடந்தந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகவே மாகாண மன்றங்கள் மானியக் கோரிக்கைகள்மீது வாக்களிக்கும் நிலை உண்டாயிற்று. அப்பொழுதும் ஆட்சி இரண்டாகப் பிளக்கப்பட்டது. கல்வி, மருத்துவம், பொதுச் சுகாதாரம் ஆகியவை அமைச்சர்களிடம் விடப்பட்டன. நிதியும் காவலும் நிலவரியும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே நின்றன. பள்ளியை நடத்தும் பொறுப்பு ஒருவரிடம், பணப்பெட்டியின் சாவி மற்றொருவரிடம் என்பதே இரட்டை ஆட்சியின் இயல்பாக இருந்தது.

இவ்வமைப்பின்கீழ் 1920-இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடைபெற்றது. சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்குரிமை என்றிருந்த அந்நாளில், உழுத நிலம் தமக்குரியதல்லாத நம் மக்கள் தேர்தல் வழியாக மன்றம் புக வழியில்லை. ஆகவே நியமன உறுப்பினராகவே நம்மவர் சென்றனர். அவர்களுள் முதல்வராக விளங்கியவர் பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்கள். அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை நம் இளைஞர்கள் மறத்தலாகாது. 1923-இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் மன்றத்தில் இடம்பெற்றார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் அரசு அலுவலகங்களும் எல்லார்க்கும் உரியன என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் 1924-இல் நிறைவேறி, அரசாணையாகவும் வெளிவந்தது. பொதுவழியில் நடக்க இயலாத பிள்ளை, அரசுப் பணத்தால் எழுப்பிய பள்ளிக்கு எவ்வாறு போய்ச் சேரும்? பணத்திற்கு முன் வழியைக் கேட்ட அப்பெரியவரின் அறிவு வியத்தற்குரியது.

சென்னை மாகாணத்தில் நம் மக்களின் முன்னேற்றப் பணிகள் தொழிலாளர் துறையின் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. மனைப்பட்டா, குடிநீர்க் கிணறு, கல்வி உதவித்தொகை, தனிப்பள்ளி ஆகிய அனைத்தையும் தொழிலாளர் ஆணையரே கவனித்து வந்தார். அப்பள்ளிகளுக்கு லேபர் பள்ளிகள் என்றே பெயர். நம்மவரை அரசு கூலி உழைப்பாளிகளாகவே கண்டது; ஆதலின் அவர்தம் பிள்ளைகளின் எழுத்தறிவும் தொழிலாளர் கணக்கிலேயே எழுதப்பட்டது. 1949-இல் தான் இப்பணிகளுக்கென அரிசன நலத்துறை தனியே அமைக்கப்பட்டது. அதுவே பின்னாளில் ஆதிதிராவிடர் நலத்துறையாயிற்று.

பம்பாய் மாகாண மன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் 1927-இல் நியமன உறுப்பினரானார். மாகாண நிதியின் வளர்ச்சியை ஆராய்ந்து நூல் எழுதிய அவர், வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கும் முறையை நமக்குக் கற்பித்தார். அவ்வாண்டு கல்வி மானியத்தின்மீது பேசுகையில், அரசு கல்விக்கென ஆள் ஒன்றுக்குச் செலவிடுவது 14 அணா, மதுவரியாக ஆள் ஒன்றுக்கு ஈட்டுவதோ 2 ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டுக் காட்டி, மக்களிடமிருந்து மதுவால் பெறும் அளவையேனும் அவர்தம் கல்விக்குத் திருப்பித் தருதல் முறையன்றோ என்று வாதிட்டார். பின்னர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பை வகித்த காலத்தில், நம் மாணவர்களின் உயர்கல்விக்கு நடுவணரசே பணம் ஒதுக்க வேண்டும் என்று 1942-இலேயே வைஸ்ராய்க்கு விண்ணப்பம் அளித்தார். 1944-இல் மெட்ரிக் படிப்பிற்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. இன்றளவும் நம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவது அத்திட்டமே.

குடியரசான பின் இம்முறை அரசியல் சட்டத்தில் உறுதி பெற்றது. மாநில அரசின் ஆண்டு நிதிநிலை அறிக்கையை 202-ஆம் பிரிவும், மானியக் கோரிக்கையை 203-ஆம் பிரிவும், நிதி ஒதுக்கச் சட்டத்தை 204-ஆம் பிரிவும் கூறுகின்றன. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய தொகையைக் கோரிக்கையாக அவைமுன் வைக்கும். அவை அதனை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட இயலாது. எனினும் உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். நாடாளுமன்றத்தில் ஒரு துறையின் குறையை எடுத்துரைப்பதற்காகவே கோரிக்கையில் 100 ரூபாய் குறைக்குமாறு கேட்கும் வழக்கம் உண்டு. அந்த 100 ரூபாய் ஒரு பொருட்டன்று. அதனால் அமைச்சர் விடை கூறக் கடமைப்படுகிறார் என்பதே அதன் பயன்.

கோரிக்கை நிறைவேறியபின் நிதி ஒதுக்கச் சட்டம் வந்தாலன்றி அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கலாகாது. ஒதுக்கிய தொகையும் மார்ச்சு 31-க்குள் செலவாகாவிடின் காலாவதியாகிவிடும். இங்கேதான் நம் மக்கள் பெரிதும் இழந்தனர். மக்கள்தொகை விகிதத்திற்கு ஏற்ப நமக்கென நிதி ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80-இல் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களுள் ஆதிதிராவிடர் 20 விழுக்காட்டினர். ஆயினும் அவ்விகிதம் நெடுங்காலம் நிர்வாக ஆணையாகவே நின்றதேயன்றிச் சட்டமாகவில்லை. ஆந்திரப் பிரதேசம் 2013-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு 2024-இல் இயற்றியது. உதவித்தொகைத் திட்டத்திலும் மைய, மாநிலப் பங்கீடு 60-க்கு 40 என மாற்றப்பட 2020 திசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

தாமதத்தின் விலை யாதென்பதை நம் பள்ளிப் பணியில் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். மேல்நிலை முதலாண்டு மாணவன் ஒருவனின் உதவித்தொகை விண்ணப்பத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் கையொப்பமிட்டோம். தொகை வந்து சேர்ந்த நாளில் அவன் வெளியூரில் சித்தாள் வேலைக்குப் போயிருந்தான். அவனுக்குரிய பணம் கணக்கில் இருந்தது. அவன் வகுப்பில் இல்லை. அவை வாக்களித்தாலும் பணம் உரிய காலத்தில் பிள்ளையின் கைக்கு வரும்வரை நம் வேலை முடிவதில்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

இளைஞர்களே! அன்று நம் முன்னோர் நியமனத்தால் பெற்ற ஒன்றிரண்டு இருக்கைகளைக் கொண்டு இத்துணையும் கேட்டுப் பெற்றனர். இன்று வாக்குரிமை நம் அனைவர்க்கும் உண்டு. சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் நலம் 4-ஆம் கோரிக்கை; மக்கள் நல்வாழ்வு 19; தொழிலாளர் நலம் 32; பள்ளிக்கல்வி 43. ஒவ்வொன்றிற்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழில் அச்சாகி வெளிவருகிறது. நம் சங்க நூலகத்தில் அவற்றை ஆண்டுதோறும் வாங்கி வைத்துக் கூடிப் படிப்போம். சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, நம் ஊர் விடுதிக்கு வந்தது எவ்வளவு என்று எழுதி வைப்போம். கோரிக்கை அவைக்கு வரும் நாளுக்கு முன்னரே நம் தொகுதி உறுப்பினரைக் கண்டு, அக்கணக்கை அவர் கையில் கொடுப்போம்.

எம்.சி. ராஜா என்னும் ஆசிரியர் அவைக்குள் சென்று கேட்டார். அவர் வழிவந்த நாம், கணக்கைக் கையிலேந்தி வாயிலில் நின்றேனும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.