அடுத்தவர் பாட்டைப் பாடிப் பிழைத்தவர்கள்

எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். ஊரே அவரை "ஹனிபா நானா" என்றுதான் கூப்பிட்டது. அவருடைய சொந்தப் பெயர், அவர் மௌத்தான அன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தபோதுதான் எனக்குத் தெரிய வந்தது. யாரோ வெளியூர்க்காரர் என்று நினைத்து உம்மாவிடம் கேட்டேன். "நம்மட ஹனிபா நானாதான் மகன்" என்றார்.

நாகூர் ஹனிபாவின் பாட்டுகளை அச்சொட்டாகப் பாடுவார். அதே உயரமான தொப்பி, அதே மாதிரி கையைத் தூக்குவது. கல்யாண வீடுகளிலும் மீலாத் மேடைகளிலும் அவர் இல்லாமல் நடக்காது. வயதானவர்களுக்கு ஞாபகமிருக்கும்.

போன கிழமை ஓ/எல் வகுப்பில் ஏதோ பேச்சில் அவருடைய கதை வந்தது. ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அப்ப அவர் பாடினது கொப்பிதானே? நாங்க கொப்பி அடிச்சா அடிக்கிறீங்க, அவருக்கு மட்டும் ஏன் கைதட்டினீங்க?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். ஆனால் கேள்வி வீடு வரைக்கும் வந்துவிட்டது. அதற்காகக் கொஞ்சம் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் பாட்டைப் பாடுவதையே பெரிய தொழிலாக ஆக்கிய ஒருவரின் கதை இது. நடந்தது மெல்பேர்னில். நம்மில் பலருடைய சொந்தக்காரர் இப்போது இருக்கிற அதே மெல்பேர்ன்.

முதலில் அசலைப் பற்றிச் சொல்லவேண்டும். சுவீடன் நாட்டில் 'அபா' என்று ஒரு இசைக்குழு இருந்தது. அங்னேத்தா, பியோர்ன், பென்னி, அன்னி-ஃப்ரிட் (ஃப்ரீடா) என்ற நால்வரின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், இரண்டு சோடிகள். 1974 ஏப்ரல் 6ஆம் திகதி இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் 'வாட்டர்லூ' பாட்டைப் பாடி வென்றார்கள். மினுங்குகிற உடுப்புகள் அவர்களுடைய அடையாளம். அன்றாடம் உடுத்த முடியாத அளவுக்கு விசித்திரமான உடுப்பு என்றால் அந்தச் செலவுக்குச் சுவீடனில் வரிச்சலுகை கிடைத்ததாம். அதுவும் ஒரு காரணம் என்று பியோர்னே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். எங்கள் வணிகக் கல்விப் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த அபா மீது அவுஸ்திரேலியர்களுக்கு இருந்த பைத்தியம் சாதாரணமானதல்ல. 1975இல் அரச தொலைக்காட்சியின் 'கவுண்ட்டவுன்' நிகழ்ச்சி 'மம்மா மியா' பாட்டின் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டது. அதன் பிறகு பிடித்த தீ அணையவில்லை. 1976இல் 'ஃபெர்னாண்டோ' அங்கே 14 கிழமைகள் முதலிடத்தில் இருந்தது. 1977 மார்ச்சில் அவர்கள் நேரே வந்து 11 நிகழ்ச்சிகள் செய்தார்கள். சிட்னியில் முதல் நாள் கொட்டுகிற மழை. சனம் அசையவில்லை.

அதோடு சரி. அபா மறுபடி அங்கே கச்சேரி செய்ய வரவில்லை. 1982 கடைசியில் குழு சத்தமில்லாமல் நின்றுபோனது. அதற்குள் இரண்டு சோடிகளும் பிரிந்துவிட்டன.

இங்கே பூகோளத்தைக் கவனியுங்கள். லண்டனில் இருப்பவருக்கு எல்லாப் பெரிய குழுக்களும் வீட்டு வாசலுக்கு வரும். அவுஸ்திரேலியா உலகின் கோடி. அவ்வளவு தூரம் ஆட்களையும் கருவிகளையும் கொண்டு போவது பெரிய செலவு, அதனால் பெரிய குழுக்கள் அரிதாகவே போயின. கேட்கிறவர்கள் ஏராளம், பாடுகிறவர் இல்லை. அந்த இடைவெளியில்தான் போலக் குழுக்கள் முளைத்தன. நம் ஊர்க் கோஷ்டிகள் எல்லார் பாட்டையும் பாடும். இவை அப்படியல்ல. ஒரே ஒரு குழுவின் பாட்டை மட்டும், அவர்களைப் போலவே உடுத்து, அவர்களைப் போலவே நின்று பாடும். ஆங்கிலத்தில் இதை ட்ரிபியூட் பேண்ட் என்கிறார்கள். பிங்க் ஃப்ளொய்ட் குழுவைப் போலச் செய்கிற உலகப் புகழ்பெற்ற குழுவும் அதே 1988ஆம் ஆண்டில் அடிலெய்ட் நகரில் தொடங்கியதுதான்.

அந்த 1988இல் மெல்பேர்னில் றொட் ஸ்டீவன் என்ற இசைக்கலைஞருக்கு அபாவைப் போல ஒரு குழு கட்டும் யோசனை வந்தது. அப்போது அபாவைப் பிடிக்கும் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பழசாகிப்போன, குழந்தைத்தனமான பாட்டு என்று பெயர். றொட் ஸ்டீவன் அந்தச் சிரிப்பையே மூலதனமாக்கினார். குழுவுக்குப் பெயர் 'பியோர்ன் அகெய்ன்'. 'மறுபடி பிறந்த' என்ற அர்த்தமுள்ள ஆங்கிலச் சொல்லையும் பியோர்ன் என்ற பெயரையும் முடிச்சுப் போட்ட பகிடி. மேடையில் பியோர்ன் உல்வேயஸ், பியோர்ன் வொல்வோ-அஸ் ஆனார். பென்னி அண்டர்சன், பென்னி அண்டர்வெயர் ஆனார். பாட்டுகளுக்கு நடுவே சுவீடன்காரர் ஆங்கிலம் பேசுவது போல இழுத்து இழுத்துப் பேசுவார்கள். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் பாட்டு தொடங்கினால் பகிடி நின்றுவிடும். வாசிப்பிலும் குரலிலும் ஒரு இழை தவறாது. அவருடைய கெட்டித்தனம் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்த ஒரு விருப்பத்தை, "நான் சும்மா சிரிக்கத்தான் வந்தேன்" என்ற சாட்டோடு வெளியே கொண்டுவர வழி செய்து கொடுத்தார்.

1992ஆம் ஆண்டு எல்லாம் ஒரேயடியாக நடந்தது. ஜூனில் யூ-டூ குழு ஸ்டொக்ஹோமில் கச்சேரி செய்தபோது, பியோர்னும் பென்னியும் மேடையேறி அவர்களோடு 'டான்சிங் குயின்' வாசித்தார்கள். அதே ஜூனில் இரேஷர் என்ற பிரித்தானியக் குழு நான்கு அபா பாட்டுகளைப் பாடி ஒரு இசைத்தட்டு விட்டது, அது பிரித்தானியாவில் முதலிடம். ஓகஸ்ட் 30ஆம் திகதி இங்கிலாந்தின் றெடிங் விழாவில் கடைசியாக மேடையேறியது நிர்வாணா. அன்றைக்கு உலகத்திலேயே மிக முரட்டுத்தனமான பாட்டு அவர்களுடையது. அதே நாள் அதே மேடையில் மினுங்குகிற வெள்ளை உடுப்போடு பியோர்ன் அகெய்ன். நிர்வாணாவின் கேர்ட் கோபேன் அபா ரசிகர், அவர் விரும்பித்தான் இவர்களைச் சேர்த்தார். சேற்றில் நின்ற முரட்டு இளைஞர்கள் அபா பாட்டுக்கு ஆடினார்கள்.

செப்டெம்பரில் 'அபா கோல்ட்' தொகுப்பு வெளிவந்தது. இன்றுவரை 3 கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டு. ஒக்டோபரில் பியோர்ன் அகெய்ன் பழிக்குப் பழியாக இரேஷரின் பாட்டுகளை அபா பாணியில் பாடி ஒரு தட்டு விட்டது. நகலை எடுத்தவனை நகலெடுத்த கதை!

போலக் குழுவால்தான் அபா மறுபடி உயிர் பெற்றது என்று சொன்னால் அது மிகைப்படுத்தல். இசைத்தட்டுக் கொம்பனி கைமாறியது, புதிய உரிமையாளர் பழைய பாட்டுகளை ஒழுங்காகச் சந்தைப்படுத்தினார், அதுவும் பெரிய காரணம். ஆனால் அசல் ஆட்கள் வீட்டில் இருந்த அந்த வருடங்களில், ஒவ்வொரு மண்டபத்திலும் அந்தப் பாட்டைச் சூடாக வைத்திருந்தது மெல்பேர்ன்காரர்கள்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

இனி வியாபாரம். இதுதான் எனக்கு மிகவும் யோசனை தந்த பகுதி.

நிகழ்ச்சிக்குக் கேள்வி கூடக் கூட, ஒரு அணியால் சமாளிக்க முடியவில்லை. றொட் ஸ்டீவன் அதே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளை வைத்து நடத்தினார். ஒரே இரவில் ஒரு பியோர்ன் அகெய்ன் அவுஸ்திரேலியாவிலும் இன்னொன்று பிரித்தானியாவிலும் பாட முடியும். எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகள். 2009இல் ரஷ்யாவில் ஒரு ஏரிக்கரையில், விரல்விட்டு எண்ணக்கூடிய பேருக்கு முன்னால் பாடியதாகவும், அதில் புட்டின் இருந்ததாகவும் குழுவினர் சொல்ல, ரஷ்ய அரசாங்கம் அவசரமாக மறுத்தது. ஏன் மறுக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அபா கேட்பது குற்றமா?

அசல் குழுவில் ஒருவர் போனால் குழு முடிந்தது. போலக் குழுவில் பாடகிக்குக் காய்ச்சல் வந்தால் அதே பொன்னிறத் தலைமுடியை இன்னொருவருக்கு வைத்து மேடையேற்றலாம், பார்க்க வந்தவர் காசைத் திருப்பிக் கேட்கமாட்டார். நிகழ்ச்சி நடத்துபவருக்கு இது பெரிய பலம். பாடுபவருக்கு இதுவே பெரிய பலவீனம். முப்பது வருடங்களில் எத்தனையோ பெண்கள் அந்த அங்னேத்தா உடுப்பைப் போட்டிருப்பார்கள். சனத்துக்குத் தெரிந்தது உடுப்பு மட்டும்தான்.

சரி, அசல் ஆட்களுக்கு என்ன கிடைத்தது? மேடையில் பாட்டுப் பாட, பொதுவாக அசல் பாடகரிடம் போய்க் கேட்கவேண்டியதில்லை. மண்டபக்காரரோ நிகழ்ச்சி நடத்துபவரோ உரிமைச் சங்கத்துக்கு ஒரு கட்டணம் கட்டுவார். அந்தக் காசு பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்களுடைய பதிப்பகத்துக்கும் போகும். அபா பாட்டுகளை எழுதியது பியோர்னும் பென்னியும், ஆரம்ப காலப் பாட்டுகளில் முகாமையாளர் ஸ்டிக் அண்டர்சனும். ஆகவே ஒவ்வொரு போல நிகழ்ச்சியிலும் ஆண்கள் இருவருக்கும் பங்கு உண்டு. சனம் எந்தக் குரலைக் கேட்க வருகிறதோ, எந்த முகத்தைப் போல வேஷம் போடுகிறார்களோ, அந்த அங்னேத்தாவுக்கும் ஃப்ரீடாவுக்கும் மேடை நிகழ்ச்சியிலிருந்து ஒரு சதமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் பாட்டு என்பது எழுதியவனின் சொத்து. பாடிய குரல் அதில் இல்லை.

இது தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2017 மார்ச்சில் எஸ். பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது ஞாபகமிருக்கும். தானே பாடிப் பிரபலமாக்கிய பாட்டுகளை அவர் அந்தப் பயணத்தின் மீதி நாட்களில் பாடாமல் விட்டார். அன்று முகநூலில் நாம் இரண்டு பக்கமாகப் பிரிந்து அடிபட்டோம். கேள்வி ஒன்றுதான்: பாட்டு யாருடையது?

போலச் செய்வதற்கும் எல்லை உண்டு. 1977இல் நியூயோர்க்கின் பிரோட்வேயில் பீட்டில்ஸ் போல வேஷமிட்டு 'பீட்டில்மேனியா' என்று ஒரு காட்சி ஓடியது. பீட்டில்ஸின் கொம்பனி வழக்குப் போட்டு 1986இல் வென்றது. பாட்டோடு சேர்த்து அந்த நால்வரின் தோற்றத்தையும் ஆளுமையையும் முழுதாக எடுத்து விற்றார்கள் என்பதுதான் குற்றம். நட்டஈடு பல மில்லியன் டொலர். அபாவின் கொம்பனியும் 2021இல் 'அபா மேனியா' என்ற குழுவின் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது, பெயரைப் பாவித்ததற்காக. பிறகு சமாதானமாக முடிந்தது. பியோர்ன் அகெய்ன் என்ற பெயரில் அபா என்ற சொல்லே இல்லை என்பதை இப்போது கவனித்துப் பாருங்கள். 1988இல் பகிடிக்கு வைத்த பெயர், கொம்பனிக்கே கவசமாகிவிட்டது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 2022 மே 27ஆம் திகதி லண்டனில் 'அபா வொயேஜ்' தொடங்கியது. மேடையில் தெரிவது 1970களின் இளம் அபா, கணினியில் செய்த உருவங்கள். எழுபது வயதை ஒட்டிய நால்வரும் ஐந்து கிழமைகள் விசேட உடுப்பு அணிந்து 160 கமராக்களுக்கு முன்னால் பாடி ஆடிக் கொடுத்தார்கள். அந்த வயதில் துள்ள முடியாத இடங்களுக்கு இளம் ஆட்டக்காரர்களை எடுத்து, அபாவைப் போலவே ஆடச்செய்து சேர்த்தார்கள். உருவங்களோடு சேர்ந்து வாசிப்பது உயிருள்ள இசைக்கலைஞர்கள். யோசித்துப் பாருங்கள்: கடைசியில் அபாவே தன்னைப் போலச் செய்ய ஆள் எடுத்தது.

மகளே, நீ வகுப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சோதனையில் கொப்பி அடிக்கிறவன் அடுத்தவன் விடையைத் தன் விடை என்று சொல்கிறான். ஹனிபா நானா ஒரு நாளும் அது தன் பாட்டு என்று சொன்னதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நாகூராரின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார். தன் பெயரைத்தான் சொல்லமாட்டார். நாங்களும் கேட்கவில்லை. அவருக்குக் கொடுத்தது என்ன? கல்யாண வீட்டுச் சாப்பாடு, வழிச்செலவு, சில இடங்களில் ஒரு சாரம். கைதட்டினோம் என்கிறாய், உண்மைதான். ஆனால் அதைவிடக் கூட அவருக்கு நாங்கள் எதுவும் செய்ததாக எனக்கு ஞாபகமில்லை. மெல்பேர்ன்காரர் செய்த கணக்கு வழக்கில் பத்தில் ஒன்றைத் தெரிந்த ஒருவர் அவரோடு இருந்திருந்தால் அவருடைய கடைசிக் காலம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகனைச் சந்தித்தேன். வாப்பாவின் குரல் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்றார். இருந்த இரண்டு கசெட்டும் நாடா சிக்கிப் பழுதாகிவிட்டனவாம்.

80களிலும் 90களிலும் நம் ஊரில் கல்யாணம் நடந்த வீடுகளில் பழைய கசெட்டோ வீடியோ நாடாவோ கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தின் பின்னால் எங்காவது அவர் பாடிக்கொண்டிருப்பார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து எடுத்து, பிரதி செய்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.