மாநகராட்சி வாங்குற கடன் கணக்குல எங்க இருக்கு?

இன்னைக்கு ஒரே கேள்விதான்: ஒரு மாநகராட்சி கடன் பத்திரம் வெளியிட்டா, அந்தக் கடன் அதோட கணக்குல எங்க தெரியும்?

பழைய ரொக்கக் கணக்குல கடன் வந்தா 'வரவு'ன்னு எழுதுவாங்க. அடுத்த வருஷ ஏட்டுல அந்த வரி இருக்காது. கடன் மட்டும் அப்படியே இருக்கும். 1975-ல நியூயார்க் நகரம் திவால் விளிம்புக்குப் போச்சு. அன்றாடச் செலவைக் கடன்ல ஓட்டி, கணக்குல அதை மறைச்சது ஒரு முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டு நகராட்சிகள் 2000-ஐ ஒட்டி அக்ரூவல் முறைக்கு மாறின. கிட்டத்தட்ட அதே சமயம் மதுரை மாநகராட்சி ரிங் ரோடுக்காக 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. திருப்பிக் கட்ட, ரோட்டுல சுங்க வசூல். அக்ரூவல் முறையில அந்த 30 கோடி வருமானம் கிடையாது. பேலன்ஸ் ஷீட்ல பொறுப்புகள் பக்கம் உட்காரும். வட்டி மட்டும்தான் செலவு. அசலைக் கட்டக் கட்ட அந்த எண் குறையும்.

நம்ம கோவையில இன்னொரு விஷயம் இருக்கு. மாநகராட்சிக்கு வருவாய்-மூலதன நிதி, குடிநீர்-வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதின்னு மூணு கணக்கு. குடிநீர்த் திட்டத்துக்கு வாங்கின கடனை முதல் கணக்குல தேடினா கிடைக்காது. அதனால பட்ஜெட்ல 'உபரி'ன்னு கேட்டா, மூணு பேலன்ஸ் ஷீட்டையும் சேர்த்துப் பாருங்க. கட்டப் போறது நம்ம சொத்து வரியும் தண்ணி வரியும்தானே.