கதிர்வீச்சு மூளைத் திசு நசிவு

புற்றுநோய்க்கு அளித்த கதிர்வீச்சு சிகிச்சையின் பின்விளைவாக மூளையின் நல்ல திசு செத்துப்போவதே கதிர்வீச்சு மூளைத் திசு நசிவு. தமிழக மருத்துவமனைகளில் நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் அந்தச் சிகிச்சை முடிந்து, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் இது வெளிப்படும். பல ஆண்டுகள் கழித்து வருவதும் உண்டு. தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுத் தடுமாற்றம், மறதி ஆகியவை அறிகுறிகள். எதுவும் தெரியாமல், வழக்கமான ஸ்கேனில் மட்டும் அகப்படுவோரும் இருக்கிறார்கள்.

சேதம் பெரிதும் நுண்குருதிக் குழாய்களின் உட்சுவரில் தொடங்குகிறது. சுவர் கெட்ட குழாய் வழியே இரத்தம் சரியாகப் போவதில்லை. ஆக்சிஜன் குறைந்த திசு, புதுக் குழாய்களை வளர்க்கத் தூண்டும் ‘விஇஜிஎஃப்’ என்ற புரதத்தைச் சுரக்கிறது. அப்படி முளைக்கும் குழாய்கள் உறுதியற்றவை. அவற்றிலிருந்து நீர் கசிந்து மூளை வீங்குகிறது; வீக்கம் அண்டைக் குழாய்களை நெருக்க, ஆக்சிஜன் மேலும் குறைகிறது. நரம்பிழைகளுக்கு மயலின் உறை போடும் ஆலிகோடென்ட்ரோசைட் செல்களும் கதிரில் மடிவதால், வெண்பொருள் பகுதியே அதிகம் அடிபடுகிறது.

எவ்வளவு கதிர், எவ்வளவு பரப்பில், எத்தனை தவணையில் என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடும். நாளொன்றுக்கு 2 கிரே (கதிர் அளவின் அலகு) வீதம் பகுதி மூளைக்கு அளிக்கும்போது, மொத்தம் 72 கிரேயில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கும், 90 கிரேயில் 10 விழுக்காட்டினருக்கும் நசிவு வரலாம் என்று 2010இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு மதிப்பிட்டது. காமா கத்தி போன்ற ஒற்றைத் தவணைச் சிகிச்சைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இந்நோயில் மிகக் கடினமான கட்டம் அதை இனங்காண்பதுதான். எம்ஆர்ஐ படத்தில் செத்த திசுவும் திரும்பி வந்த கட்டியும் ஒன்றுபோலவே ஒளிரும். நசிவைக் கட்டி என்று எண்ணி மறுபடியும் கதிர் வைத்தால் புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். கட்டியை நசிவு என்று விட்டுவிட்டால் காலம் கைநழுவும். இரத்த ஓட்டத்தை அளக்கும் எம்ஆர்ஐ இங்கே உதவுகிறது. வளரும் கட்டியில் இரத்தம் மிகுதியாக இருக்கும், நசிவில் குறைவாக இருக்கும். அமினோ அமில பெட் ஸ்கேனும் துணைசெய்யும். பல சமயம் இரண்டும் ஒரே இடத்தில் கலந்தே கிடப்பதால், ஐயம் தீராதபோது திசுவை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அறிகுறி இல்லாத சிறு நசிவைக் கண்காணித்தாலே போதும்; சில தானாகச் சுருங்குகின்றன. தொல்லை தருவதற்கு முதல் மருந்து டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. வீக்கத்தை விரைவில் வடியவைக்கும். ஆனால் நெடுநாள் கொடுத்தால் சர்க்கரை ஏறும், தசை நலியும், தொற்று எளிதில் பிடிக்கும்.

பெவாசிசுமாப் வந்தபோதுதான் நோயின் வேரைத் தொடும் மருந்து கிடைத்தது எனலாம். அது விஇஜிஎஃப்பை முடக்கிக் கசிவை நிறுத்துகிறது. ஹூஸ்டனில் விக்டர் லெவின் குழு 14 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனையில், போலி மருந்து பெற்ற ஒருவருக்கும் வீக்கம் குறையவில்லை. பெவாசிசுமாப் பெற்ற அனைவருக்கும் குறைந்தது. மூக்கின் பின்பகுதித் தொண்டைப் புற்று மிகுந்த தென்சீனத்தில் இந்நசிவு பெரிய சிக்கல். அந்தப் புற்று மூளையின் பொட்டு மடல்களுக்கு அடியிலேயே இருப்பதால் கதிர் அவற்றையும் தீண்டுகிறது. அங்கே 112 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பெவாசிசுமாப் 65.5 விழுக்காட்டினருக்கும் ஸ்டீராய்டு 31.5 விழுக்காட்டினருக்கும் பலன் தந்தது. ஆயினும் மருந்து நின்றபின் சிலருக்கு நோய் மீண்டது. இரத்த அழுத்தம் உயர்தல், இரத்தக் கட்டு, இரத்தக் கசிவு ஆகியவையும் நேரக்கூடும்.

மருந்துக்கு அடங்காத வீக்கம் மூளையை அழுத்தினால் அறுவை சிகிச்சையில் செத்த திசுவை அகற்றுவர். ஆழத்தில் இருப்பதை, மண்டையோட்டில் சிறு துளையிட்டு லேசர் வெப்பத்தால் சுட்டழிக்கும் முறையும் உண்டு. உயரழுத்த ஆக்சிஜன், பென்டாக்சிஃபிலினுடன் வைட்டமின் ஈ ஆகியவற்றுக்கு இன்னும் வலுவான சான்று இல்லை.

கதிருக்குப் பின் வரும் நினைவாற்றல் இழப்பு எப்போதும் இந்நசிவால் வருவதல்ல. நசிவே இல்லாதபோதும், நினைவுக்கு அடித்தளமான ஹிப்போகாம்பஸ் கதிரில் பழுதுபடலாம். முழு மூளைக்கும் கதிர் வைக்கையில் அதை விலக்கி, மெமன்டைன் மாத்திரையும் கொடுத்தால் அறிவாற்றல் குன்றுவது குறைகிறது என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இழந்ததை மீட்பதோ ஆய்வுக்கூட அளவில்தான் நிற்கிறது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் ஆய்வாளர்கள் 2015இல், மனிதக் குருத்தணுக்களிலிருந்து வளர்த்த ஆலிகோடென்ட்ரோசைட் முன்னோடிச் செல்களைக் கதிர் பட்ட எலி மூளையில் வைத்தனர். மயலின் உறை மீண்டும் படிந்தது; எலிகளின் கற்கும் திறனும் மேம்பட்டது.

தலையிலோ தொண்டையிலோ கதிர் வைத்துக்கொண்டவர்கள் அதன் தேதி, இடம், அளவு குறித்த சிகிச்சைச் சுருக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எத்தனை ஆண்டு கழிந்தாலும், புதிதாகத் தலைவலியோ மறதியோ வந்தால் அந்தச் சுருக்கத்தை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.