லடோகா: பனிக்கட்டியின் மேல் ஓடிய பாதை

மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளின் வழியாக ருஷ்யாவை அறிந்துகொண்ட தலைமுறை நம்முடையது. அந்நூல்களில் பனி பெரும்பாலும் அழகின் பின்னணியாகவே நம் மனத்தில் தங்கிவிட்டது. அதே பனி ஒரு மாநகரத்துக்கு உணவு கொண்டுவந்த சாலையாகவும், அச்சாலையில் லாரி ஓட்டியவர்களுக்குப் புதைகுழியாகவும் இருந்த வரலாற்றை நாம் அதிகம் பேசியதில்லை.

1941 செப்டம்பர் 8 அன்று ஷிலிசெல்பர்க் ஜெர்மானியர் வசமானதும் லெனின்கிராடின் தரைவழித் தொடர்புகள் அனைத்தும் அறுந்தன. எஞ்சியது கிழக்கே விரிந்துகிடந்த லடோகா ஏரி மட்டுமே. நவம்பரில் ஏரி உறையத் தொடங்கவே படகுப் போக்குவரத்தும் முடங்கியது. நவம்பர் 20 முதல் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம் ரொட்டி. அலுவலர்க்கும் குழந்தைகளுக்கும் பிறரை அண்டி வாழ்ந்தோர்க்கும் 125 கிராம். அந்த ரொட்டியிலும் மரக்கூழும் பிண்ணாக்கும் கலந்திருந்தன.

ஏரி எப்போது உறையும் என்று ஒரு நகரமே காத்திருந்த விந்தையான காலம் அது. பாரமற்ற குதிரைக்குப் பத்து சென்டிமீட்டர் பனிக்கட்டி போதும். ஒரு டன் சுமந்த லாரிக்கு இருபது சென்டிமீட்டராவது வேண்டும். முதலில் குதிரைச் சறுக்குவண்டிகள் சென்றன. நவம்பர் 22 அன்று அறுபது லாரிகள் கொண்ட முதல் அணி ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் ஏரியைக் கடந்து, மறுகரையான கபோனாவுக்குச் சென்றது. அவ்வணி கொண்டுவந்த மாவு 33 டன். நகரின் பசிக்கு முன் அது ஒரு கைப்பிடிதான்.

அந்த லாரிகள் 'பலுத்தோர்க்கா' என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஒன்றரை டன் வண்டிகள். அமெரிக்க ஃபோர்டு வண்டியின் மாதிரியில் கோர்க்கி நகரில் செய்யப்பட்டவை. தொடக்க நாள்களில் அவற்றில் சில மூட்டைகளே ஏற்றப்பட்டன. எடை ஒரே இடத்தில் அழுத்தாதிருக்க மீதிச் சுமை பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் வந்தது. பனிக்கட்டி உடைந்தால் குதித்துவிட வேண்டும் என்பதால் ஓட்டுநர்கள் கதவைத் திறந்துவைத்தே ஓட்டினார்கள். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகை வரை இறங்கிய குளிரில் திறந்த கதவு! ஓய்வின்றி ஓட்டியவர்கள் கண்ணயராதிருக்கத் தலைக்குப் பின்னால் ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. குண்டு வீச்சும் பீரங்கித் தாக்குதலும் பனிப்புயலும் வேறு.

இவற்றினும் விளங்காத ஆபத்து ஒன்று இருந்தது. முழுப் பாரத்துடன் வந்த லாரி பத்திரமாகக் கடந்த இடத்திலேயே, எடை குறைந்த லாரி திடீரென்று மூழ்கியது. லெனின்கிராடு இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பாவெல் கோபெக்கோவும் நவூம் ரெய்னோவும் இதை ஆராய்ந்தார்கள். ஓடும் வண்டியின் பாரத்தில் பனிக்கட்டி வளைகிறது. அடியிலுள்ள நீரில் அலை எழுகிறது. வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றாகும்போது வளைவு பெருகிக் கட்டி பிளக்கிறது. மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் என்பது அந்த அபாய வேகம். ஆகவே அந்த வேகத்தைத் தவிர்க்க வேண்டும், இடைவெளி விட வேண்டும், முந்தக் கூடாது என்ற விதிகள் உருவாயின. பசியால் வாடிய நகரத்தின் அறிஞர்கள் ஓட்டுநர்க்கு அளித்த கொடை அது.

டிசம்பர் 25 அன்று ரொட்டி அளவு உயர்ந்தது: தொழிலாளிக்கு 350 கிராம், மற்றவர்க்கு 200. 1942 ஏப்ரல் இறுதியில் பனி உருகும்வரை மூன்றரை இலட்சம் டன்னுக்கும் மேலான பொருள்கள் வந்தன. ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வெளியேறினார்கள். மக்கள் அதற்கு 'உயிர்ப்பாதை' என்று பெயரிட்டார்கள்.

ஆயினும் அப்பெயரை அப்படியே ஏற்பதில் நமக்குத் தயக்கம் உண்டு. மறுகரை சேர்ந்தபின், பட்டினியில் சுருங்கிய குடல் தாங்காத உணவை உண்டு இறந்தவர்கள் பலர். 1942 மார்ச்சில் இதே பனியின் மேல், இங்கிரியப் ஃபின்னியரும் ஜெர்மானிய வம்சாவளியினரும் சைபீரியா முதலிய தொலைதூரங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். உணவு வந்த வழியிலேயே அரசின் சந்தேகமும் பயணம் செய்தது. போருக்குப் பின் திறக்கப்பட்ட லெனின்கிராடு பாதுகாப்பு அருங்காட்சியகம் 1949இல் மூடப்பட்டது. முற்றுகைக் காலத்தில் நகரை வழிநடத்திய அலெக்சேய் குஸ்னெத்சோவும் பியோத்தர் பொப்கோவும் 1950இல் சொந்த அரசாலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அருங்காட்சியகம் மீண்டும் திறக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏரிக்கரையில் 1966இல் எழுப்பப்பட்ட 'உடைந்த வளையம்' என்னும் நினைவுச்சின்னத்தைக் காண்போர், இரு வளைவுகள் சேராது நிற்கும் இடைவெளியை முற்றுகையின் முறிவாகப் பொருள்கொள்வர். சிற்பி கான்ஸ்தாந்தீன் சீமுன் அதில் மனித உருவம் எதையும் வைக்கவில்லை. அவ்விடைவெளியின் ஊடாக இரண்டு டயர்த் தடங்கள் மட்டும் நீரை நோக்கிச் செல்கின்றன. அத்தடத்தில் ரொட்டியோடு வந்தவர்களை நினைக்கும் நாம், அதே தடத்தில் அனுப்பப்பட்டுத் திரும்பாதவர்களையும் சேர்த்தே நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.